தெரிந்த சொல்தான், ஆனால் புரியவில்லை: தமிழ்வழியில் படித்தவர்கள் கல்விசார் ஆங்கிலச் சொற்களைச் சேர்ப்பது எப்படி?

தாவரவியல் முதுகலை சேர்ந்த முதல் மாதம். ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். அதில் ஒரு பத்தி ‘திஸ் பேப்பர் அட்ரஸஸ் த்ரீ இஷ்யூஸ்’ என்று தொடங்கியது. பேப்பர் தெரியும், காலையில் வாசலில் விழுவது. அட்ரஸ் தெரியும், கல்யாணப் பத்திரிகை உறையில் எழுதுவது. இஷ்யூ தெரியும், ‘இதை ஒரு இஷ்யூ ஆக்காதே’ என்று வீட்டில் தினமும் காதில் விழுவது. மூன்றும் தெரிந்த சொற்கள்தான், ஆனால் ஒரே வரியில் வந்தபோது ஒன்றும் விளங்கவில்லை. ‘இந்தக் கட்டுரை மூன்று சிக்கல்களை எடுத்துக்கொண்டு பேசுகிறது’, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்கவும் கூச்சம். மூன்று முகவரிகள் எங்கே இருக்கின்றன என்று நான் தேடிய கதையை இப்போதுதான் வெளியில் சொல்கிறேன்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. தடியான ஒரு சொற்பட்டியல் புத்தகத்தை வாங்கி ஏ எழுத்திலிருந்து மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். ஆப்ஸ்ட்ரெபரஸ், பெர்ஸ்பிகேஷியஸ் என்று கரடுமுரடாக நிறைய கற்றேன். இரண்டு வருடத்தில் ஒரு தாவரவியல் கட்டுரையில்கூட அவை என் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் இன்டிகேட், டெரைவ், கன்சிஸ்ட், அஸ்யூம் போன்ற சாதுவான சொற்கள், அவற்றைத்தான் நான் கவனிக்காமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆகவே இந்த வழிகாட்டி அந்தச் சாதுச் சொற்களைப் பற்றியது. ஒரு சின்ன விஷயம்: இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் அகராதியில் தேடி எழுத்துக்கூட்டலை நீங்களே கண்டுபிடியுங்கள், அதுவே முதல் பயிற்சியாக இருக்கட்டும்.

முதலில் ஆழம் பாருங்கள்

உங்கள் பாடத்தின் ஆங்கிலப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து 100 சொற்களை எண்ணுங்கள். ஆள் பெயர், ஊர்ப் பெயரை விட்டுவிடுங்கள். அந்த வாக்கியத்தில் அதன் பொருள் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாத சொற்களை அடிக்கோடிடுங்கள். ‘எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு’ என்பது தெரிந்த கணக்கில் சேராது.

அடிக்கோடு இரண்டுக்குள் இருந்தால் துணையில்லாமலே படிக்கலாம். ஒரு பக்கம் வசதியாகப் புரிய 100க்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வள ஆய்வுகளில் அடிக்கடி வரும் கணக்கு. மூன்று முதல் பத்து வரை என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். பத்தைத் தாண்டுகிறதா? அப்படியானால் கல்விச் சொற்களுக்கு இப்போதே தாவ வேண்டாம். ஆங்கிலத்தின் மிகச் சாதாரணமான இரண்டாயிரம், மூவாயிரம் சொற்களில்தான் ஓட்டை இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான ஆங்கிலவழி அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்களை இரண்டு மாதம் கதைப் புத்தகம் மாதிரி படியுங்கள். பட்டதாரி ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் படிப்பதா என்று நினைத்தால் பேருந்தில் அட்டை போட்டுப் படியுங்கள், நான் அப்படித்தான் படித்தேன்.

ஒரு வாக்கியத்தில் மூன்று அடுக்கு

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘தி ரிசல்ட்ஸ் இன்டிகேட் எ சிக்னிஃபிகன்ட் வேரியேஷன் இன் தி ரேட் ஆஃப் ஃபோட்டோசிந்தெசிஸ்.’

ரிசல்ட், ரேட் எல்லாம் அன்றாடச் சொற்கள். ஃபோட்டோசிந்தெசிஸ் துறைச்சொல், அதாவது நமது ஒளிச்சேர்க்கை. வெளியில் இருப்பவர்கள் துறைச்சொற்கள்தான் கடினம் என்று நினைப்பார்கள். ஆனால் அவற்றுக்குப் புத்தகத்திலேயே விளக்கம் இருக்கும், ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார், தேர்வில் கேட்பார்கள். நடுவில் நிற்கும் இன்டிகேட், சிக்னிஃபிகன்ட், வேரியேஷன் மூன்றையும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆசிரியர் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார், நீங்கள் பக்கத்து பெஞ்சுக்காரனுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். இந்த நடு அடுக்குச் சொற்கள் தாவரவியலிலும் வரும், பொருளியலிலும் வரும், சட்டத்திலும் வரும். எந்தத் துறைக்கும் சொந்தமில்லாததாலேயே எந்த வகுப்பிலும் இவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை.

அந்த நடு அடுக்குக்கு ஒரு பட்டியல் இருக்கிறது

நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் இதை உருவாக்கினார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என நான்கு பிரிவுகளில் 28 பாடங்களிலிருந்து ஏறக்குறைய 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி நூல் பகுதிகளைச் சேர்த்து, எந்தச் சொற்கள் எல்லாத் துறைகளிலும் பரவலாக வருகின்றன என்று எண்ணிப் பார்த்து, 2000இல் வெளியிட்டார். பெயர் அகடமிக் வேர்ட் லிஸ்ட், மொத்தம் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே வேரிலிருந்து வரும் சொற்களை ஒன்றாக எண்ணிய கணக்கு. கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்த 570க்குள் அடங்கிவிடுகிறது. கதைப் புத்தகங்களில் இதே சொற்கள் 100க்கு ஒன்றரை அளவுக்குக்கூட வருவதில்லை. நாவல் நாவலாகப் படித்தும் பாடப்புத்தகம் புரியவில்லை என்று சிலர் புலம்புவதற்கு இதுவே காரணம்.

அன்றாடச் சொற்களைப் பட்டியலிலிருந்து நீக்க அவர் பயன்படுத்தியது மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பழைய பொதுச்சொல் பட்டியல். இந்த வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த மனிதர் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

570ஐயும் பத்து உட்பட்டியல்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் ஒன்பதில் தலா 60, கடைசியில் 30. அதிகம் வருவது முதலில். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் உட்பட்டியலின் 60 சொற்களை அச்செடுத்து, தெரிந்தவற்றை டிக் செய்யுங்கள், ஆனால் கறாராக. ‘கான்டெக்ஸ்ட்’ தெரியுமா? அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல முடிந்தால் டிக், இல்லையென்றால் இல்லை.

இதைவிடப் புதிய பட்டியல்களும் வந்துவிட்டன. கார்ட்னரும் மார்க் டேவிஸும் 12 கோடி சொற்கள் கொண்ட கல்வி நூல் தொகுப்பிலிருந்து ஒன்றை உருவாக்கினார்கள். இப்படி எல்லாத் துறைக்கும் பொதுவான பட்டியல் என்பதே சரியா, ஒரே சொல் துறைக்குத் துறை வேறு மாதிரி நடந்துகொள்கிறதே என்று கென் ஹைலண்டும் பாலி ட்சேயும் 2007இல் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என் யோசனை: எந்தப் பட்டியல் சிறந்தது என்று ஆராய்வதிலேயே ஒரு வாரத்தைக் கழிக்காதீர்கள். பழைய 570ஐ எடுத்துக்கொள்ளுங்கள், சொற்களின் பொருளை மட்டும் உங்கள் துறை நூலில் வைத்துச் சரிபாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அகரவரிசையிலோ, ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைச் சேர்த்தோ படிக்காதீர்கள். ஒரே நாளில் கற்ற இரட்டைச் சொற்கள் ஆயுள் முழுக்கக் குழப்பும். தமிழில் எழுதும்போது ‘அடாப்ட்’ என்று ஒரே மாதிரி வரும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று சூழலுக்கேற்பத் தகவமைத்துக்கொள்வது, மற்றொன்று ஒரு முறையையோ பிள்ளையையோ நம்முடையதாக ஏற்றுக்கொள்வது. ஒன்றை இன்று படித்தால் மற்றதைப் பத்து நாள் கழித்துத் தொடுங்கள்.

இரண்டு புத்தக முறை

எனக்கு உண்மையில் கைகொடுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் தமிழ்வழியிலும் ஆங்கிலவழியிலும் வருகின்றன. 2018 முதல் வந்த புதிய பாடத்திட்டப் புத்தகங்களை இரண்டு வழியிலும் பிடிஎஃப் ஆக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதே பாடம், அதே படம், அதே அட்டவணை, மொழி மட்டும் வேறு. இந்த வசதி எல்லா மாநிலத்துக்காரர்களுக்கும் வாய்த்துவிடாது, ஆனால் நம்மில் பலர் பள்ளியை விட்டு வந்ததும் அந்தப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடுகிறோம். இலங்கையிலும் அரசுப் பாடநூல்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் வருகின்றன. அங்கே ஒளிச்சேர்க்கையை ஒளித்தொகுப்பு என்றும் சவ்வூடு பரவலைப் பிரசாரணம் என்றும் சொல்வார்கள், மற்றபடி முறை ஒன்றுதான்.

உங்களுக்கு நன்றாகப் பிடிபட்ட ஒரு பாடத்தை எடுங்கள். புதிதாகக் கற்க வேண்டிய பாடம் கூடாது, கருத்தும் புதிது சொல்லும் புதிது என்றால் இரண்டும் நிற்காது. தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைப் படித்துவிட்டு மூடிவைத்து, அதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். திக்கும், திணறும், பாதியில் நிற்கும். நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து, நீங்கள் நின்ற அதே இடத்தில் அவர்கள் என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தச் சொல் மறக்காது, ஏனென்றால் அது இல்லாமல் நீங்கள் ஒரு நிமிடம் தவித்திருக்கிறீர்கள்.

பொருளியலில் தேவை விதியை எடுத்துக்கொள்வோம். விலை ஏறினால் தேவை குறையும், மற்றவை மாறாதிருக்கும்போது. இந்த ‘மற்றவை மாறாதிருக்கும்போது’ என்ற இடத்தில்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘அதர் திங்ஸ் ரிமெய்னிங் கான்ஸ்டன்ட்’. கான்ஸ்டன்ட் பட்டியலில் இருக்கிறது. அதை ஒட்டி அஸ்யூம் வரும், அஸம்ப்ஷன் வரும், தமிழில் எடுகோள். கருத்து உங்கள் தலையில் ஏற்கனவே வேரூன்றி இருக்கிறது, நீங்கள் அதற்கு இரண்டாவது பெயர் வைக்கிறீர்கள், அவ்வளவே. தமிழ்வழி மாணவர்கள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறார்கள் என்று சொல்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

ஒரு பக்கத்துக்கு ஐந்து சொற்களுக்கு மேல் எடுக்காதீர்கள், துறைச்சொற்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். படமும் அட்டவணையும் ஒன்றே என்பதால் இரண்டு புத்தகத்திலும் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும்.

சொல்லை அதன் சொந்தக்காரர்களோடு எழுதிக்கொள்ளுங்கள்

‘மாறு’ என்று ஒரு வேர் இருக்கிறது. அதிலிருந்து மாற்றம், மாறுபாடு, மாறி, மாறிலி. ஒன்பதாம் வகுப்புப் பையன்கூட இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலத்தின் ‘வேரி’யும் அப்படித்தான்: வேரி, வேரியபிள், வேரியேஷன், வேரியன்ஸ், வெரைட்டி, வேரியஸ். ஒரு சொல்லைக் கற்கும்போது முழுக் குடும்பத்தையும் ஒரே அட்டையில் எழுதுங்கள். 570 குடும்பம் என்று சொன்னதற்குக் காரணமும் இதுதான்.

குடும்பத்தில் பெயர்ச்சொல்லுக்குத் தனி மரியாதை கொடுங்கள். கல்வி நடை வினைச்சொல்லை அப்படியே விடாது, பெயராக்கிவிடும். ‘விலை கூடினதால மக்கள் கம்மியா வாங்கினாங்க’ என்று கடைக்காரர் சொல்வதை நாளிதழின் தலையங்கம் ‘விலை உயர்வு நுகர்வுக் குறைவுக்கு வழிவகுத்தது’ என்று எழுதும். கூடியது உயர்வாகிறது, வாங்கியது நுகர்வாகிறது. ஆங்கிலத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. அனலைஸ் அனாலிசிஸ் ஆகும், அஸ்யூம் அஸம்ப்ஷன் ஆகும். வினை மட்டும் தெரிந்தவர் கட்டுரையைப் படித்துவிடலாம், எழுத முடியாது.

அடுத்தது, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது. நாம் மழை பெய்கிறது என்போம், வெயில் அடிக்கிறது என்போம், காற்று வீசுகிறது என்போம். வெயில் பெய்கிறது என்று ஒருவர் சொன்னால் இலக்கணப்பிழை ஒன்றும் இல்லை, ஆனால் ஆள் வெளியூர் என்று தெரிந்துவிடும். கோலம் போடுவோம், சண்டை போடுவோம், கையெழுத்தும் போடுவோம். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆங்கிலத்தில் ரிசர்ச் என்றால் ‘கண்டக்ட்’ செய்வார்கள், ‘மேக்’ செய்ய மாட்டார்கள். கன்க்ளூஷன் என்றால் ‘டிரா’ செய்வார்கள். ரோல் என்றால் ‘ப்ளே’. இதைத் தனிச்சொல்லாகக் கற்றால் எழுதும்போது வெயில் பெய்ய ஆரம்பித்துவிடும். ஆகவே அட்டையில் தனிச்சொல் எழுதாதீர்கள், இரண்டு மூன்று சொல் கொண்ட துண்டாக எழுதுங்கள். எது எதோடு சேரும் என்பதில் சந்தேகம் வந்தால் ஸ்கெல் என்ற இலவசத் தளத்தில் சொல்லைத் தட்டுங்கள், உண்மையான வாக்கியங்களைக் காட்டும்.

என் அட்டையில் இருந்தவை: சொல், குடும்பம், இரண்டு கூட்டுத் துண்டுகள், நான் பார்த்த வாக்கியம், என் பாடத்தை வைத்து நானே எழுதிய ஒரு வாக்கியம், பின்பக்கம் தமிழ்ப்பொருள். தமிழில் பொருள் எழுதக் கூடாது, ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும் என்று ஒரு உபதேசம் உலவுகிறது. கேட்காதீர்கள். துல்லியமான ஒரு தமிழ்ச்சொல் மூன்று வரி ஆங்கில விளக்கத்தைவிட வேகமாக வேலை செய்யும். ‘ஹைபாதெசிஸ்’ என்பதற்குப் பக்கத்தில் கருதுகோள் என்று எழுதினால் முடிந்தது.

தமிழ்ப் பாடநூல் நமக்குத் தெரியாமல் சொல்லிக்கொடுத்த கிரேக்கம்

மின்னாற்பகுப்பு, நீராற்பகுப்பு இரண்டும் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் எலக்ட்ரோலிசிஸ், ஹைட்ரோலிசிஸ். இரண்டிலும் ‘பகுப்பு’ நிற்கும் இடத்தில் ‘லிசிஸ்’ நிற்கிறது. கட்டை அவிழ்ப்பது, பிரிப்பது என்ற பொருளில் வரும் கிரேக்கச் சொல் அது. சரி, இப்போது அனாலிசிஸ் என்பதைப் பாருங்கள். வாலில் அதே லிசிஸ். தமிழில் என்ன சொல்கிறோம்? பகுப்பாய்வு. அதிலும் பகுப்பு! இதைக் கவனித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஃபோட்டோ ஒளி, சிந்தெசிஸ் சேர்க்கை. தெர்மோ வெப்பம், மீட்டர் மானி. நம் கலைச்சொல் அறிஞர்கள் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் தமிழாக்கியிருக்கிறார்கள். ஆகவே தமிழ்க் கலைச்சொல்லைத் துண்டாக்கி, ஆங்கிலச் சொல்லையும் துண்டாக்கி, எதிரெதிரே வைத்துப் பாருங்கள். ஒரு முப்பது துண்டுகள் கையில் வந்துவிட்டால் முன்பின் பார்க்காத சொல்லைக்கூட ஓரளவு ஊகிக்கலாம்.

ஊகத்தை முழுதாக நம்பவும் கூடாது. ‘இன்வேலுவபிள்’ என்றால் மதிப்பில்லாதது என்று நினைத்து ஒரு நன்றியுரையில் நான் எதைத் தவிர்த்தேனோ அதுதான் அங்கே வேண்டிய சொல். விலைமதிப்பற்ற என்று பொருள். நம் ‘விலைமதிப்பற்ற’விலும் ‘அற்ற’ இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.

தெரிந்த முகம், வேறு ஆள்

பேப்பர், அட்ரஸ், இஷ்யூ மாதிரி ஆட்களுக்கு நோட்டில் தனிப்பக்கம் ஒதுக்குங்கள். அன்றாடத் தமிழ்ப் பேச்சில் ஆங்கிலம் கலந்திருப்பதால் நமக்கு இது கூடுதல் ஆபத்து. சொலுஷன் வேதியியலில் கரைசல். கல்ச்சர் நுண்ணுயிரியலில் ஆய்வகத்தில் வளர்க்கும் வளர்ப்பு. பவர் கண்ணாடிக்கு ஒன்று, இயற்பியலில் திறன், கணிதத்தில் அடுக்கு. இன்ட்ரஸ்ட் வங்கியில் வட்டி. மீன் என்றால் புள்ளியியலில் சராசரி. மிகவும் வழுக்குவது சிக்னிஃபிகன்ட். புள்ளியியல் பேசும் கட்டுரையில் அதை ‘முக்கியமான’ என்று எடுத்துக்கொண்டால் தவறு. கிடைத்த வேறுபாடு வெறும் தற்செயலால் வந்திருக்க வாய்ப்பு குறைவு என்பதே அங்கே பொருள். நடைமுறையில் ஒன்றுக்கும் உதவாத துளி வேறுபாடுகூட அந்தப் பொருளில் சிக்னிஃபிகன்ட் ஆக இருக்கலாம்.

அப்புறம் நம்முடைய ‘டவுட்’. வகுப்பில் கேள்வி கேட்க ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்கிறோம். வெளிநாட்டுப் பேராசிரியர் காதில் அது ‘நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று விழக்கூடும். அங்கே ‘க்வெஸ்சன்’ போதும்.

மறக்காமல் வைப்பதற்கு ஒரு செருப்புப் பெட்டி

கற்றது எவ்வளவு வேகத்தில் நழுவுகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைப் பொருளாக்கி அளந்து 1885இல் எழுதிவிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. தீர்வும் பழையதுதான்: மறக்கப்போகும் நேரத்தில் ஒரு தட்டுத் தட்டி எழுப்ப வேண்டும்.

செருப்புப் பெட்டியில் அட்டை வைத்து ஐந்து தடுப்பு செய்யுங்கள். புது அட்டை முதல் தடுப்பில், தினமும் பார்ப்பது. சரியாகச் சொன்னால் இரண்டாவதுக்குப் போகும், மூன்று நாளுக்கு ஒருமுறை. அடுத்தது வாரம், அடுத்தது இரண்டு வாரம், அடுத்தது மாதம். தப்பாகச் சொன்னால் எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதல் தடுப்புக்கே திரும்பும், பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி. 1970களில் செபாஸ்டியன் லைட்னர் பிரபலமாக்கிய முறை இது. கைபேசியில் செய்ய விரும்புபவர்களுக்கு அன்கி என்ற செயலி இருக்கிறது, நாள் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஆனால் அடுத்தவர் செய்துவைத்த அட்டைக்கட்டை இறக்காதீர்கள். அட்டையை எழுதுவதில்தான் பாதிப் படிப்பு.

தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்தைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் சொல்வது சுலபம், அது படிக்க மட்டும் உதவும்.

நாளுக்கு ஐந்து சொல், வாரத்துக்கு ஆறு நாள், ஞாயிறு பழையது மட்டும். வாரத்துக்கு 30, ஆகவே 570க்கு 19 வாரம். செமஸ்டர் தேர்வு, ஊர்த் திருவிழா, காய்ச்சல் எல்லாம் சேர்த்து ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். உற்சாகத்தில் நாளுக்கு முப்பது என்று தொடங்குபவர்கள் இரண்டாவது வாரத்தில் காணாமல் போவார்கள். தினம் ஒரு சொல் என்று வாட்ஸப்பில் வருமே, அதுவும் வேண்டாம். அழகான படம், எங்கும் பயன்படாத சொல்.

எதைப் படிப்பது

ஒரே தலைப்பைப் பிடித்துக்கொண்டு படியுங்கள். இன்று பருவநிலை, நாளை பங்குச்சந்தை என்று தாவினால் ஒவ்வொரு முறையும் புதுச்சொற்கள் வந்து விழும், எதுவும் திரும்ப வராது. சதுப்புநிலக் காடு பற்றி என்றால் இரண்டு வாரம் அதுவே. மூன்றாவது கட்டுரையில் பழைய முகங்கள் வரிசையாக வரத் தொடங்கும்.

முழு ஆய்வுக் கட்டுரை ஆரம்பத்தில் மலைப்பாக இருக்கும். கூகுள் ஸ்காலரில் தேடி ஆய்வுச் சுருக்கங்களை மட்டும் படியுங்கள், பெரும்பாலும் ஒரு பத்திதான். அதற்கு முந்தைய படி வேண்டுமானால் தி கான்வர்சேஷன் தளம் நல்லது, ஆய்வாளர்களே பொதுவாசகருக்காக எழுதுவது. காதுக்கு என்பிடெல் பாடங்கள், ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் இணைய வகுப்புகள். எழுத்து வடிவமும் கிடைக்கும், சில பாடங்களுக்குத் தமிழாக்கமும் உண்டு.

தெரியாத சொல் வந்ததும் அகராதிக்கு ஓடாதீர்கள். இரண்டாவது முறை வந்தால் அடிக்கோடு, மூன்றாவது முறை வந்தால் அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் நிறுவனங்களின் கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசம், கல்விச் சொற்களுக்குப் பக்கத்தில் அடையாளக் குறியும் போட்டிருப்பார்கள். ஒரு கட்டுரை நமக்கு எட்டுமா என்று முன்கூட்டியே பார்க்க லெக்ஸ்ட்யூட்டர் தளத்தில் வொக்காப்ரொஃபைல் என்ற கருவி உண்டு. பத்தியை ஒட்டினால் அன்றாடச் சொல், கல்விச் சொல், மற்றவை என்று வண்ணம் பிரித்துக் காட்டும். நீங்கள் எழுதிய பத்தியையும் அதில் ஒட்டிப் பாருங்கள், கல்விச் சொல் ஒன்றுகூட இல்லாமல் இருப்பது தெரிந்து எனக்கு முதல்முறை முகம் சுருங்கியது.

எழுதும்போது

தினமும் ஒரு பத்தி, நூறு சொல், அன்றைய ஐந்து சொற்களில் குறைந்தது மூன்று வர வேண்டும். ஐந்தையும் திணித்தால் செயற்கையாகிவிடும். வாக்கியச் சட்டங்கள் கிடைக்காமல் தடுமாறினால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் மோர்லி தொகுத்த அகடமிக் ஃப்ரேஸ்பேங்க் இணையத்தில் இருக்கிறது. முந்தைய ஆய்வை எப்படிச் சொல்வது, குறையை எப்படிச் சுட்டுவது என்று பிரித்துப் பொதுவான சட்டங்களாக அடுக்கியிருப்பார்கள். அவற்றை எடுத்தாள்வது திருட்டு ஆகாது, உள்ளடக்கம் உங்களுடையதாக இருக்கும்வரை.

நம்மவர்கள் எழுத்தில் அடிக்கடி தவறவிடுவது தயக்கச் சொற்கள். ‘ப்ரூவ்’ என்று அடித்துச் சொல்லிவிடுகிறோம். ஆய்வுலகம் ‘சஜஸ்ட்’, ‘அப்பியர்’, ‘மே’, ‘டெண்ட்’ என்று அளந்துதான் பேசும். தமிழிலும் ‘இருக்கக்கூடும்’, ‘எனலாம்’, ‘எனத் தோன்றுகிறது’ எல்லாம் இதற்காகவே. நம் பழைய உரையாசிரியர்கள் மாற்றுக் கருத்தைச் சொல்லும்போது ‘என்பாரும் உளர்’ என்று எவ்வளவு நாசூக்காக எழுதுவார்கள்! அதே நாசூக்கு ஆங்கிலத்திலும் வேண்டும்.

மேற்கோள் வினைகளும் அப்படித்தான். எல்லோரையும் ‘சேஸ்’ என்று எழுதாதீர்கள். சொன்னார், வாதிட்டார், ஒப்புக்கொண்டார், சுட்டிக்காட்டினார் ஆகியவற்றுக்குள் இருக்கும் வேறுபாடு செய்தித்தாள் படிப்பவர்களுக்கு அத்துபடி. ஸ்டேட், ஆர்க்யூ, அக்நாலெட்ஜ், பாயிண்ட் அவுட் என்று பொருத்திக்கொள்ளுங்கள். ‘க்ளெய்ம்’ போட்டால் ‘அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்’ என்ற சந்தேகம் லேசாக ஒட்டிக்கொள்ளும், உங்கள் வழிகாட்டியின் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது இதைக் கவனிப்பது உடம்புக்கு நல்லது.

பன்மையில் கவனம். எவிடென்ஸ், எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன், ரிசர்ச் இவற்றின் வாலில் எஸ் ஒட்டாதீர்கள். க்ரைடீரியா ஏற்கனவே பன்மை, ஒருமை க்ரைடீரியன். ஃபினாமினாவுக்கு ஃபினாமினன். ‘டிஸ்கஸ்’ செய்தால் போதும், பின்னால் ‘அபௌட்’ வேண்டாம். ‘யூஸ்’ என்று எழுதக்கூடிய இடத்தில் ‘யூட்டிலைஸ்’ என்று எழுதுபவர்களைப் பார்த்தால் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர் நினைவுதான் வரும்.

உச்சரிப்புக்கு நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அமுக்கி, அழுத்தம் எங்கே விழுகிறது என்று மட்டும் கேளுங்கள். அனலைஸில் முதல் அசையில், அனாலிசிஸில் இரண்டாவதில், அனலிட்டிக்கலில் மூன்றாவதில். குடும்பம் மாறும்போது அழுத்தம் இடம் மாறும், அதனால்தான் தெரிந்த சொல்கூடக் காதில் விழும்போது தெரியாததாகிவிடுகிறது.

ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்துத் தாளில் சொல்வளத்துக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பு, ஆனால் அங்கே பார்ப்பது பொருத்தமும் துல்லியமும்தான், வித்தை காட்டினால் குறையும். ஜிஆர்இக்கு வேறு பட்டியல் வேண்டும் என்பது உண்மை. என்றாலும் 2011இல் அந்தத் தேர்வே எதிர்ச்சொல் கேள்வியைக் கைவிட்டுவிட்டது, பத்தியைப் புரிந்துகொண்டு சொல்லைப் பொருத்துவதே இப்போது வேலை. எனவே அவர்களும் முதலில் இந்த 570ஐ முடித்துவிட்டு அங்கே போகலாம்.

ஆரம்பத்தில் 100 சொல் எண்ணி அடிக்கோடிட்ட அந்தப் பக்கத்தைத் தேதி போட்டு எங்கேயாவது பத்திரமாக வையுங்கள். பத்தாவது வாரம் அதே புத்தகத்தில் வேறொரு பக்கத்தை எடுத்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை குறையவே இல்லை என்றால் அட்டைகளை எடுத்துப் பாருங்கள், நீங்களே எழுதிய வாக்கியம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்.